கடைத் தேங்காய்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்து இலை எனக்கு வாய்த்தது. ரசம் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் பிசைந்தபடி, முகத்தைக்கூடத் திருப்பாமல், "ஆமா, அந்தப் படம் என்னடா ஆச்சு?" என்றார். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. 2012இல் நாங்கள் நாலு நண்பர்கள் எடுக்கக் கிளம்பிய குறும்படம். அதற்குச் சித்தப்பா கொடுத்தது 5,000 ரூபாய். சொந்தம், நட்பு, ஆபீஸ் எல்லாரிடமும் வாங்கியது சேர்ந்து 62,000. படம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு அப்புறம் வருகிறேன். அவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார். "பாத்துட்டு இருக்கோம் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, மோர் வரும் முன்பே இலையை மடித்துவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த மாதிரி இரவுகளில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு: யூடியூபில் இருக்கும் 'ப்ரெலூட் டு ஆக்ஸனார்'. அமெரிக்க விண்வெளித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் ரசிகர்கள் கூட்டு நிதியில் எடுத்த 21 நிமிடப் படம். 2014 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் என்ற ரசிகர் விழாவில் முதலில் திரையிட்டார்கள். அதைப் பார்த்தால் மனசுக்குப் பிடிக்கும். அதற்குப் பின்னால் வந்த வழக்கை நினைத்தால் வயிற்றைப் பிசையும். இத்தனை வருடமாக அந்த விவகாரத்தில் நான் யார் பக்கம் என்று எனக்கே தெளிவில்லை. சித்தப்பாவின் கேள்விக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு வரியிலிருந்து ஒரு போர்

ஸ்டார் ட்ரெக் தொடரின் 1969ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில், விண்கலத்தின் தலைவரான கேப்டன் கிர்க் தன் ஆதர்ச நாயகனைச் சந்திக்கிறார். பெயர் கார்த். ஒரு காலத்தில் மாபெரும் தளபதி, இப்போது மனம் பிறழ்ந்து காப்பகத்தில் அடைபட்டிருக்கிறார். ஆக்ஸனார் போரில் அவர் பெற்ற வெற்றியை அகாடமியில் பாடமாகவே படித்தோம் என்று கிர்க் போகிறபோக்கில் சொல்வார். அவ்வளவுதான். அந்தப் போரை யாரும் காட்டவில்லை. ரசிகர்களுக்கு இது போதாதா? காட்டாமல் விட்ட இடத்தில்தானே ரசிகன் குடியேறுவான். 45 வருடம் கழித்து அலெக் பீட்டர்ஸ் என்ற ரசிகர் அந்த ஒற்றை வரியை முழுநீளப் படமாக்கக் கிளம்பினார். கார்த் வேடத்தில் அவரே நடித்தார்.

முழுப்படத்துக்கு முன்னோட்டமாக வந்ததுதான் ப்ரெலூட். வடிவம் கெட்டிக்காரத்தனமானது. போர் முடிந்து வெகுகாலம் கழித்து, அதில் இரு தரப்பிலும் இருந்தவர்கள் கேமரா முன் உட்கார்ந்து நினைவுகூர்கிறார்கள்; நடுநடுவே விண்கலங்கள் மோதுகின்றன. ஆளுக்கொரு நாற்காலி, கொஞ்சம் வெளிச்சம், அனுபவசாலி முகங்கள். எதிரி வேற்றுக்கிரக இனமான கிளிங்கான்களின் தளபதியாக ரிச்சர்ட் ஹாட்ச். 1978இன் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வில் நாயகனாக வந்தவர். அட்மிரலாக டோனி டாட். தொலைக்காட்சித் தொடரில் தான் நடித்த அதே வல்கன் (கூர்க்காது வேற்றுக்கிரக இனம்) தூதராக கேரி கிரஹாம். ரசிகர் படம் என்றால் ஒட்டிய காது ஒரு பக்கம் தொங்கும், வசனம் பேசுகிறவர் பக்கத்து வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி இருப்பார் என்று பழகியிருந்தோம். இது அப்படி இல்லை. முதல்முறை பார்த்தபோது, ஸ்டுடியோக்காரர்கள் எடுப்பதைவிட இதுதானே அசல் என்று தோன்றியது. எனக்கு மட்டும் தோன்றவில்லை, பணம் கொட்டியதே சாட்சி. ப்ரெலூடுக்குக் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளத்தில் ஒரு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே சேர்ந்தது. அது வந்த கையோடு, 2014 ஆகஸ்டில் முழுப்படத்துக்காக 6,38,471 டாலர். மறுவருடம் இண்டிகோகோ என்ற இன்னொரு தளத்தில் இன்னும் 5.7 லட்சம் போல. ஆக மொத்தம் 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

நம் ஊரில் இதற்கு ஒரு சொலவடை தயாராக இருக்கிறது: கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது. ரசிகர் படம் எல்லாமே அதுதான். தேங்காய் கடைக்காரருடையது, பக்தி நம்முடையது. இங்கே கூடுதல் சிக்கல், அந்தப் பிள்ளையாரும் கடைக்காரருக்கே சொந்தம். அப்போது தொலைக்காட்சித் தொடர்கள் சிபிஎஸ் வசம், திரைப்படங்கள் பாரமவுன்ட் வசம் இருந்தன. ஆனாலும் பல வருடங்களாகக் கடைக்காரர்கள் கண்டும் காணாமல்தான் இருந்தார்கள். கல்லாவுக்கு நஷ்டமில்லை, கோயிலில் கூட்டம் கூடினால் கடைக்கும் நல்லதுதானே. பழைய கிர்க் காலத்து செட்டை அச்சு அசலாக மறுபடி கட்டி அத்தியாயம் அத்தியாயமாக எடுத்தவர்கள்கூட உண்டு. யாரும் வழக்குப் போடவில்லை. எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. ஒரு மௌன ஒப்பந்தம். அதில் எங்கே கோடு என்று தாண்டிய பிறகுதான் தெரியும்.

ஆக்ஸனார் எங்கே தாண்டியது? பணத்தின் அளவு ஒன்று. இன்னொன்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. முழுக்க முழுக்கத் தொழில்முறையில் எடுக்கப்படும் முதல் சுயாதீன ஸ்டார் ட்ரெக் படம் என்று விளம்பரம் செய்தார்கள். சாதாரணத் தேங்காய் உடைப்பு என்றால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். எதிர்சாரியில் பந்தல் போட்டு, "உங்க பூசையைவிட எங்க பூசை விசேஷம்" என்று மைக்கில் சொன்னால்?

காது யாருடையது, மொழி யாருடையது

2015 டிசம்பர் 29. புது வருடத்துக்கு மூன்று நாள் இருக்கையில் சிபிஎஸ்ஸும் பாரமவுன்டும் கலிஃபோர்னியா மத்திய மாவட்டத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அத்துமீறிய ஒவ்வொரு படைப்புக்கும் 1,50,000 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம் என்பது அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம். அந்தக் கணக்கில் போனால் திரட்டிய பணத்தோடு வீடு வாசலும் போய்விடும். பீட்டர்ஸுக்கு அதிர்ஷ்டம், ஒரு பெரிய சட்ட நிறுவனம் கட்டணம் வாங்காமல் வாதாட முன்வந்தது.

முதல் சுற்றில் ஆக்ஸனார் தரப்பு கேட்டது நல்ல கேள்வி. ஸ்டார் ட்ரெக் என்பது எழுநூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள், ஒரு டஜன் படங்கள். இதில் எதை நாங்கள் எடுத்தோம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சரி என்று 2016 மார்ச்சில் ஸ்டுடியோக்கள் மனுவைத் திருத்தி ஒரு பட்டியலே போட்டன. சீருடை, விண்கலத்தின் வடிவம், கதிர் துப்பாக்கி, வல்கன்களின் கூர்க்காது, கிளிங்கான் மொழி என்று நீண்டது. எனக்கு ஒரு மாமி நினைவுக்கு வந்தார். தனிக்குடித்தனம் போன மருமகளிடம் கொடுத்த பாத்திரங்களைத் திருப்பிக் கேட்கும்போது கரண்டி வரைக்கும் எண்ணிச் சொன்னவர்.

கிளிங்கான் மொழி விஷயம்தான் பெரிய வேடிக்கை. மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் 1984ஆம் ஆண்டுப் படத்துக்காக இலக்கணத்தோடு உருவாக்கிய மொழி அது. அதற்கப்புறம் அதைக் கற்றுக்கொண்டு பேசுகிறவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் எல்லாம் உருவாகிவிட்டார்கள். பேச ஆள் இருக்கிற மொழிக்கு முதலாளி எப்படி இருக்க முடியும் என்று, செயற்கை மொழி உருவாக்குபவர்களின் சங்கம் ஒன்று நீதிமன்றத்துக்கு மனுக் கொடுத்தது. மனுவுக்குள்ளேயே கிளிங்கான் எழுத்தில் வாசகங்கள்! அகத்தியருக்கு ராயல்டி கட்ட வேண்டியிருந்தால் நம் கதி என்ன என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. நீதிபதி கிளாஸ்னருக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு. வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொன்ன கோரிக்கையை 2016 மே மாதம் நிராகரித்தபோது, தொடரில் வரும் வல்கன் ஸ்பாக் சொல்லும் 'நீடூழி வாழ்க, செழித்து வாழ்க' என்ற வாழ்த்தை வைத்து விளையாடினார். வாதிகளின் கோரிக்கை செழிக்குமா என்று இப்போது சொல்ல மாட்டேன், இந்த மனுவைத் தாண்டிப் பிழைக்கும் அளவுக்கு நீண்டு வாழும் என்ற அர்த்தத்தில் எழுதினார்.

அதே மே மாதம் 20ஆம் தேதி ரசிகர் விழாவில், முந்தைய ஸ்டார் ட்ரெக் படங்களின் இயக்குநர் ஜே.ஜே. ஆப்ரம்ஸ் மேடையேறி, வழக்கு சீக்கிரம் முடிவுக்கு வரும் என்றார். ஸ்டார் ட்ரெக்கின் 50ஆம் ஆண்டு, புதுப்படம் ஜூலையில் வரப்போகிறது, ரசிகர்களோடு கோர்ட்டில் நிற்பது யாருக்கு அழகு? கைதட்டல் பறந்தது. நானும் அன்று வெற்றி என்றுதான் நினைத்தேன். வழக்கு முடியவில்லை. பதிலாக ஜூன் 23 அன்று ரசிகர் படங்களுக்கான விதிமுறைகள் வெளிவந்தன. ஒரு கதை 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. நீண்டால் இரண்டே பகுதி, மொத்தம் 30 நிமிடம். நிதி 50,000 டாலருக்குள். சம்பளத்துக்குத் தொழில்முறை ஆட்கள் கூடாது. ஸ்டார் ட்ரெக்கில் முன்பு வேலை செய்தவர்களும் கூடாது. கடையில் கிடைக்கிற உடை என்றால் உரிமம் பெற்ற சரக்கையே வாங்கி உடுத்த வேண்டும். ஒவ்வொரு விதியும் ஆக்ஸனாரை உட்கார வைத்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. அடிபட்டது மற்றவர்கள். ஒரு வம்பும் செய்யாமல் நீளமான அத்தியாயங்கள் எடுத்துக்கொண்டிருந்த 'ஸ்டார் ட்ரெக் கன்டினியூஸ்' குழு, திட்டமிட்டதற்கு முன்பாகவே 2017இல் கதையை முடித்துக்கொண்டது.

அச்சு அசல்

2017 ஜனவரி 3 வரை நான் ஆக்ஸனார் கட்சிதான். அன்றைக்கு வந்த தீர்ப்பைப் படித்தபோது நான் சாய்ந்திருந்த சுவர் நகர்ந்துவிட்டது. இந்தக் கட்டுரையே அந்தச் சில பக்கங்களுக்காகத்தான்.

ஆக்ஸனார் தரப்பு நம்பியிருந்தது 'நியாயமான பயன்பாடு' என்ற விதிவிலக்கை. கேலி, விமர்சனம், புது அர்த்தம் என ஏதாவது ஒன்றுக்காக அடுத்தவர் படைப்பைப் பயன்படுத்தினால் சட்டம் இடம் கொடுக்கும். நீதிபதி கேட்டது எளிமையான கேள்வி: நீங்கள் எதை மாற்றினீர்கள்? அதற்குப் பதிலாக அவர் எடுத்துக் காட்டியதெல்லாம் படக்குழு பெருமையாகச் சொல்லிக்கொண்டவை. மூலத்துக்கு ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் பட்ட பாடு. அசல் போலவே தெரியும் கப்பல், அசல் போலவே காது, அசல் நடிகரே அசல் பாத்திரத்தில். ஒரு ரசிகன் இன்னொரு ரசிகனுக்குக் கொடுக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு "அப்படியே இருக்குப்பா" என்பது. நீதிமன்றத்தில் அந்தப் பாராட்டு ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது. அரைகுறையாக எடுத்திருந்தால், கிண்டலாக எடுத்திருந்தால், வல்கனுக்கு மூக்குத்தி குத்தியிருந்தால்கூட வாதாட ஏதோ இருந்திருக்கும். பிரியம் அதிகமாக அதிகமாகத் தப்பிக்கும் வழி குறுகிக்கொண்டே வந்திருக்கிறது.

இலவசமாகத்தானே யூடியூபில் போடுகிறோம், லாபம் எங்கே என்ற வாதமும் எடுபடவில்லை. ஸ்டார் ட்ரெக்கின் பெயரை வைத்துப் பணம் திரட்டியதே ஒரு பலன்தான் என்றது தீர்ப்பு. நியாயமான பயன்பாடு என்ற வாதத்தை ஜூரியின் முன் வைக்கவே முடியாது என்று ஆகிவிட்டது. வெளிப்படையான ஒற்றுமை நிரூபணமாகிவிட்டது, சாதாரண மனிதர் பார்த்தால் ஒன்றுபோல் தெரிகிறதா என்பதை மட்டும் ஜூரி சொல்லட்டும் என்று நிறுத்தினார் நீதிபதி. ஜூரி என்ன சொல்லும் என்று தெரியாதா? அப்படியே இருக்க வேண்டும் என்றுதானே எடுத்தார்கள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு குத்தியது என்றால், எங்கள் குறும்படக் கதைக்கு வருகிறேன். மறைந்த எழுத்தாளர் ஒருவரின் சிறுகதை அது. கல்லூரியில் படித்ததிலிருந்து எங்கள் நாலு பேருக்கும் மனப்பாடம். திரைக்கதை எழுதும்போது ஒரு வசனத்தைக்கூட மாற்றக்கூடாது என்று சத்தியமே செய்துகொண்டோம். கதையில் வரும் ஓட்டு வீட்டுக்காக மாயவரம் பக்கம் ஒரு வாரம் அலைந்தோம். திண்ணையில் ஒரு கால் உடைந்த ஈசிசேர் என்று அவர் எழுதியிருந்ததால், நல்ல ஈசிசேரை வாங்கி ஒரு காலை நாங்களே அறுத்தோம். அனுமதி கேட்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இவ்வளவு பிரியமாக எடுக்கிறோமே, அதைவிட என்ன அனுமதி? இரண்டு நாள் படப்பிடிப்பு முடிந்த பிறகு அவருடைய மகன் போன் செய்தார். யார் மூலமாகவோ தெரிந்திருக்கிறது. குரலை உயர்த்தவே இல்லை. "அப்பா கதை மேல உங்களுக்கு இவ்வளவு அபிமானம் இருக்கறது சந்தோஷம் தம்பி. ஆனா எங்க வீட்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வேற ஒருத்தருக்கு ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டோம்." அவ்வளவுதான். கோர்ட் இல்லை, கேஸ் இல்லை. நாங்களாகவே நிறுத்திவிட்டோம்.

வரவு செலவு

எங்கள் ஊரில் தேர்த் திருவிழா முடிந்த பத்தாம் நாள் வரவு செலவு நோட்டீஸ் அடித்துக் கோயில் சுவரில் ஒட்டுவார்கள். எலுமிச்சம்பழம் 40 ரூபாய், மேளக்காரருக்கு டீ 85 ரூபாய் வரை இருக்கும். அதைப் படிப்பதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. படித்துவிட்டு, "டீ மட்டும் எம்பத்தஞ்சா?" என்று ஒரு வாரம் பேசுவார்கள். ஆக்ஸனார் குழுவும் 2015 முடிவில் அப்படியொரு ஆண்டறிக்கை வெளியிட்டது. அதில் பீட்டர்ஸ் தனக்கு எடுத்துக்கொண்ட சம்பளம் 38,000 டாலர் என்று இருந்தது. கலிஃபோர்னியாவின் வலென்சியாவில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து அதை ஸ்டுடியோவாக மாற்றிய செலவு இருந்தது. முழுநேரமும் இதற்கே உழைக்கிறவர் சம்பளம் வாங்கக்கூடாதா என்பது அவர் தரப்பு நியாயம். ரசிகர் படம் எடுக்கிறேன் என்றவர் சம்பளக்காரர் ஆகலாமா என்பது எதிர்க்கேள்வி. ஆக்ஸனார் பெயரில் காப்பிப்பொடி வேறு விற்றார்கள். பிரசாதக் கடை போட்டாயிற்று என்றால் பக்தி என்ற வாதம் கொஞ்சம் நீர்த்துத்தான் போகும்.

நான் இதில் பீட்டர்ஸைத் திட்டத் தயாராக இல்லை. கணக்கு காட்டினார், காட்டிய கணக்கு அவருக்கே எதிராக நின்றது. நாங்கள் கணக்கே காட்டவில்லை. 62,000இல் கேமரா வாடகை, வேன், சாப்பாடு, ஈசிசேர் போக 14,000க்கு ஒரு மைக் செட் வாங்கினோம். அது இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. படத்துக்காக வாங்கியது, படம் இல்லை, மைக் யாருடையது? வலென்சியா கிடங்கைப் பற்றி எழுதப்பட்ட கோபமான பத்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பரண்தான் கண்ணில் நிற்கும்.

விசாரணை 2017 ஜனவரி 31ஆம் தேதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. 11 நாள் முன்னால், 20ஆம் தேதி சமரசம் ஆனது. முழுநீளப் படம் கிடையாது. 15 நிமிடத்தில் இரண்டு பகுதி எடுத்துக்கொள்ளலாம். யூடியூபில் விளம்பரமில்லாமல் போடலாம். இனிப் பொதுவில் நிதி திரட்டக்கூடாது. ப்ரெலூடில் இருந்த முக்கிய நடிகர்கள் சிலரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு தரப்பும் கையெழுத்திட்டன. கடைக்காரருக்குத் தேங்காய் பத்திரம். உடைக்க வந்தவருக்குத் தலை தப்பியது. பணம் போட்ட ஆயிரக்கணக்கான பேர் எந்தத் தரப்பு? வழக்கின் தலைப்பில் அவர்கள் இல்லை, சமரச மேசையில் நாற்காலி இல்லை. 90 நிமிடப் படத்துக்குக் கொடுத்த காசு, அவர்களைக் கேட்காமலே, இரண்டு 15 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. அதையும் அவர்களால் திட்டமிட்ட காலத்தில் பார்க்க முடியவில்லை. வாக்குக் கொடுத்தவருக்குச் சொந்தமில்லாத பொருளின் பேரில் கொடுத்த வாக்கு அது. வாங்கிக்கொண்டவர்களில் பாதிப் பேருக்காவது அது தெரிந்தேதான் இருந்திருக்கும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான், மாயவரத்தில் ஈசிசேர் காலை அறுத்தபோது.

சமரசம் ஆகி 18ஆம் நாள், 2017 பிப்ரவரி 7 அன்று ரிச்சர்ட் ஹாட்ச் இறந்துபோனார். அவரை வைத்து எடுக்கலாம் என்று தாளில் அனுமதி இருந்தது. 2024இல் கேரி கிரஹாமும் டோனி டாட்டும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். கல்யாணத்துக்குப் போய்வந்த அந்த இரவில் ப்ரெலூடை மறுபடி பார்த்தபோது, நான் விண்கலங்களைப் பார்க்கவில்லை. ஹாட்ச் பேசும் இடங்களை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். நெற்றி மடிப்பு ஒப்பனைக்குக் கீழே அந்தக் கண்கள். எதிரியைப் பற்றி இவ்வளவு மரியாதையோடு பேசும் ஒரு வில்லன். அடுத்து என்ன நடந்தது என்று சொல்ல வாயெடுத்தவர் மாதிரியே இருக்கிறார்.

மறுநாள் காலை சித்தப்பாவின் எண்ணுக்கு ஜிபேயில் 5,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் போன். "என்னடா இது, காசு வந்திருக்கு?" விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நான் படத்தைத்தானேடா கேட்டேன்" என்றார். சாயங்காலம் பணம் திரும்பி வந்தது, 5,001ஆக.